இரண்டு தொப்பிகளுக்கு நடுவே

என் தொப்பியில் ஒரு காண்டோர், சிறகு விரித்து.
தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம்
நிபால்தோவின் தொப்பியிலும் ஒன்று,
அதற்குத் துணையாக ஒரு மலைமான்.
அவனுடையது சிலே. என்னுடையது பொலிவியா.
நடுவே யாருடையதும் அல்லாத
நானூறு மீட்டர் தார்ச்சாலை.

அங்கேதான் விழுந்து கிடந்தது.
லாரியிலிருந்து அவிழ்ந்த தார்ப்பாய் என்று நினைத்தேன்.
தார்ப்பாய் கழுத்தைத் தூக்கிப் பார்த்தது.

யாரோ பூமாவுக்கு வைத்த விஷம்.
செத்த ஆட்டுக்குள் வைத்தால்
செத்ததை மட்டுமே தின்கிற இதற்குத்தான் முதல் கவளம்.

நிபால்தோ வந்தான், கையுறை இல்லாமல்.
குனிந்து பார்த்தான்.
"இது நம்முடையது இல்லை, எலுத்தேரியா.
முத்திரையில் இருப்பதற்குக் கொண்டை உண்டு."
"இது பொட்டை" என்றேன்.
"பொட்டைக்குக் கொண்டை கிடையாது. கண் சிவப்பு.
இருபது வருஷமாகத் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறாய்,
இதுகூடத் தெரியாதா?"
எனக்கும் அரைமணி முன்புதான் தெரியும்,
தொலைபேசியில் கால்நடை மருத்துவர் கேட்டபோது.

போர்வையில் சுற்றி உள்ளே தூக்கி வந்தோம்.
பத்து கிலோ நூறு கிராம்.
தராசு சும்மா இருக்கிறதே என்று வைத்துப் பார்த்தோம்.
கரித்தூளைக் கரைத்துக் குழாயால் ஊட்டினோம்.
பிறகு படிவம்.
எங்கிருந்து வருகிறது.
உரிமையாளர் யார்.
மதிப்பு எவ்வளவு.
வருகையின் நோக்கம்.
கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பினேன்:
செத்த ஆடு.

பனி விழுந்து சாலை மூடிய இரவு.
லாரிக்காரர்கள் ஒவ்வொருவராய் அடுப்போரம் ஒதுங்கினார்கள்.
அர்ஜென்டினாக்காரன் சொன்னான்,
எங்களுடையது சின்னது,
மண் குழைத்து அடுப்பு மாதிரி வீடு கட்டும்,
அரசாங்க விளக்குக் கம்பத்தில்கூட, வாடகை தராமல்.
பிரேசில்காரனுடையது செங்கல் நிற வயிற்றுக்காரி,
விடியுமுன் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும்,
அதைத்தான் சங்கீதம் என்கிறோம் என்றான்.
பராகுவேக்காரன் தன் மணிப்பறவையைப் பார்த்ததே இல்லை,
காட்டுக்குள் மணியடிக்கிற சத்தம் மட்டும்.
அப்பா பார்த்திருக்கிறாராம்.
அப்பா எதையும் சொல்வாராம்.
பெருக்காரன் நெருப்பு நிறப் பாறைச்சேவலைப் பற்றி:
"பெட்டை முன்னால் ஆடுவதைத் தவிர
அதற்கு வேறு வேலை கிடையாது."
சொல்லும்போது அவ்வளவு பெருமை.
ஈக்வடார்காரன் வாய் திறக்கவில்லை.
கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.
அட்டையிலும் இதே பறவை.

இத்தனை பேச்சுக்கும் அது ஒரு வார்த்தை பேசவில்லை.
பாடுகிற உறுப்பே அதற்கு இல்லையாம்.
சீறும், அவ்வளவுதான்.
பள்ளியில் அதன் படத்தின்கீழ் நின்றுதான்
நாங்கள் தொண்டை கிழியப் பாடினோம்.

மூன்றாம் விடியலில்
கறுப்பாகக் கக்கிவிட்டு
நிபால்தோவின் பூட்ஸைக் கொத்தியது.
கதவைத் திறந்தோம்.

பறக்கவில்லை. நடந்தது.
கோப்பைத் தேடிப் போகும் குமாஸ்தா போல
சாலையின் நடுக்கோட்டில், அவசரமில்லாமல்.
யாரும் சொல்லாமலே எஞ்சின்கள் அணைந்தன.
காற்று வரட்டும் என்று அது நின்றது.
நாங்களும் நின்றோம்.
நான் தடுப்புக் கம்பியை உயர்த்தினேன்.
எதற்கென்று தெரியவில்லை,
அடியில் புகுந்து போக இடம் தாராளமாகவே இருந்தது.

ஓடியது, நாலு தப்படி, ஆறு,
பிறகு கால்கள் சாலையை விட்டிருந்தன.
மேற்கே போனது.
நிபால்தோ தொப்பியைப் பிடித்துக்கொண்டான்,
வணக்கம் அல்ல, காற்று.
பதினொரு மணிக்கு அதன் நிழல்
அவன் கூரைமேல் ஏறி
என் கூரையில் இறங்கிப் போயிற்று.

படிவம் இழுப்பறையில் இருக்கிறது.

விஷம் வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும்.
அவன் பட்டி என் பக்கத்து மலையில்.
இந்தக் குளிரில் பதினெட்டு ஆட்டில் ஏழு
பூமாவுக்குப் போயிற்று அவனுக்கு.
என் அத்தை மகன்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு, மஞ்சள் நிறம்.
இன்னும் வெளியே எடுக்கவில்லை.